பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு: கடைக்காரர் அறிய வேண்டிய கடன் கணக்கு

சரக்கை வாங்கி விற்பது மட்டும் வியாபாரம் ஆகாது. யாரிடம் எவ்வளவு பணம் நிற்கிறது, எப்போதிலிருந்து நிற்கிறது என்று அறிந்து வைத்திருப்பதும் வியாபாரமே. குடோனில் உள்ள மூட்டை கண்ணுக்குத் தெரியும். வெளியே நிற்கும் பாக்கி கணக்கில்தான் தெரியும். ஆகவே கடையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உறுப்பினர்களும், இனிமேல் வாங்க எண்ணியிருப்பவர்களும் அதன் பயன் எது, அபாயம் எது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் முன்னோர் காலத்தில் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. பகலில் நடந்ததைக் குறிப்பில் எழுதி, இரவில் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிந்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தார்கள். அந்த முறையில் தவறு ஏதும் இல்லை. ஆனால் முந்நூறு சில்லறைக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் ஒரு மொத்தக் கடையில், தொண்ணூறு நாளுக்கு மேல் நிற்கும் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், கணக்கப்பிள்ளை பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். பதில் வருவதற்குள் இன்னும் பத்து பில் போட்டிருப்போம்.

மேசைக்கு வந்த கம்ப்யூட்டர்

1970-களின் நடுப்பகுதி வரை கம்ப்யூட்டர் என்பது பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் வைத்திருந்த பெரிய இயந்திரம். 1977-ல் வெளிவந்த ஆப்பிள் 2 போன்றவை அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன. ஆனாலும் தொடக்கத்தில் அவற்றைப் பெரும்பாலும் ஆர்வலர்களே வாங்கினார்கள். வியாபாரிகளை அதன் பக்கம் திருப்பியது ஒரு கணக்குத் தாள்தான். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின் என்ற மாணவர், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற நண்பருடன் சேர்ந்து உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979-ல் விற்பனைக்கு வந்தது. கட்டம் கட்டமாக எண்களை எழுதி, ஒரு கட்டத்தில் விலையை மாற்றினால், அதைச் சார்ந்த கூட்டுத் தொகை எல்லாம் தானாக மாறிவிடும். இந்த மென்பொருளை இயக்குவதற்காகவே ஆப்பிள் கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் பலர். 1981-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெர்சனல் கம்ப்யூட்டரும், 1983-ல் அதற்கான லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத் தாளும் வந்தன.

இந்தியாவில் 1984-ல் மத்திய அரசு அறிவித்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை, இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அக்காலத்து ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்றில் 360 கிலோபைட்தான் அடங்கும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரியது. ஆனாலும் ஒரு சிறு கடையின் பாக்கிப் பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும்.

வியாபாரி வீட்டில் பிறந்த மென்பொருள்

இன்று நம் கடைகளில் பரவலாக உள்ள டேலியும் ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்ததே. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவிடமே அதை எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அப்போது பியூட்ரானிக்ஸ் என்று பெயர். 1999-ல் அது டேலி சொல்யூஷன்ஸ் ஆயிற்று. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதன் வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு வந்த பல கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை நினைவில் வைத்துப் பதிய வேண்டியிருந்தது. டேலியில் எண் தேவையில்லை. பேரேட்டில் எழுதுவது போலவே பெயரைச் சொல்லிப் பதியலாம். கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்த வழக்கத்தை மாற்றாமல் வந்ததால்தான் அது கல்லா வரைக்கும் வந்தது.

பாக்கிக்கும் வயது உண்டு

கம்ப்யூட்டர் நமக்குத் தரும் பெரிய உதவி கூட்டல் கழித்தல் அல்ல. பாக்கியின் வயதைச் சொல்வதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய் தர வேண்டும். பேரேட்டின் கடைசி வரியில் இருவரும் சமம். ஆனால் முதலாமவருடைய இருபதாயிரமும் பதினைந்து நாளைக்குள் வாங்கிய சரக்கு. இரண்டாமவருடையதில் பன்னிரண்டாயிரம் மூன்று மாதம் கடந்தது. முதலாமவருக்கு அடுத்த லோடு தயங்காமல் அனுப்பலாம். இரண்டாமவரிடம் முதலில் பேச வேண்டும்.

தென்காசி வியாபாரிகளுக்கு இது மிகவும் பொருந்தும். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனை நம்பி எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளும் சிப்ஸ் கடைகளும் எண்ணெயையும் மளிகையையும் கடனுக்கு எடுக்கின்றன. அருவியில் தண்ணீர் விழுந்தால் பாக்கி வசூலாகும். விழாவிட்டால் அப்படியே நிற்கும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனா கட்டுப்பாட்டினால் சீசன் காலத்தில் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. அந்த நாட்களில், எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தவர்கள், கடைக்காரர்களுடன் பேசித் தவணை வகுத்துக்கொள்ள முடிந்தது. மொத்தத் தொகை மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நெருக்கினார்கள். அதனால் நல்ல வாடிக்கையும் சில போயின.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஏன் நிற்கிறது என்று சொல்லாது. அந்தக் கடைக்காரர் வீட்டில் கல்யாணமா, ஆஸ்பத்திரிச் செலவா, அல்லது வேறு மொத்தக் கடைக்கு மாறிவிட்டாரா என்பதை நாம்தான் நேரில் விசாரித்து அறிய வேண்டும்.

கணக்கு யார் கையில்?

நம் பகுதியில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். முதலாளி மூன்று வாரம் தம் சொந்தப் பாக்கியை அறியாமல் தவித்தார். பேரேடு இருந்த காலத்தில் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வோம். கடவுச்சொல்லும் சாவிதான்.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இது சட்டப் பொறுப்பும் ஆகிவிட்டது. பதிவு பெற்ற வியாபாரி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். இடி மின்னலில் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது.

இப்போது இன்டர்நெட் வழியாகக் கணக்கை வெளியிடத்தில் வைக்கும் முறையும் உள்ளது. அவ்வகை மென்பொருள் தயாரிக்கும் ஜோஹோ நிறுவனம் நம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே 2011 முதல் அலுவலகம் நடத்திவருவது நமக்குப் பெருமை. 1979-ல் அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் செய்த வேலையை இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் வயல்வெளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். ஆனால் எந்த முறையானாலும் அதற்குரிய குறை உண்டு. கடையில் உள்ள கம்ப்யூட்டர் பழுதாகலாம். மழைக்காற்றில் இன்டர்நெட் நின்றுபோகலாம். சந்தா கட்டாவிட்டால் கணக்கைத் திறப்பதில் தடை வரலாம்.

ஆகவே உறுப்பினர்கள் நான்கு பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறேன். கடவுச்சொல்லை முதலாளியும், குடும்பத்தில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். தினமும் கடை சாத்துமுன் கணக்கின் நகல் ஒன்று எடுத்து, வாரம் ஒரு நகலைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியலை நாள்வாரியாகக் காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது குடோனில் மூட்டைகளை எண்ணி, கம்ப்யூட்டர் காட்டும் இருப்புடன் ஒப்பிட வேண்டும். இவற்றுக்குத் தனியாகச் செலவு அதிகமில்லை. தினமும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடுத்த சீசனுக்குக் கடன் சரக்கு அனுப்புமுன் இதைத் தொடங்கிவிடுவது உத்தமம்.