மேதைச் சிறுவன் வளர்ந்த பிறகு...

வண்டலூர் ஸ்டேஷனில் நின்றால், செங்கற்பட்டு மின்சார வண்டி வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். தடக்-தடக்கென்று ஒரே சீராக உருளும் அந்தச் சக்கர ஓசையை இடது கை பியானோவில் விடாமல் வாசிக்க, அதன்மேல் வலது கை குறும்பாக ஸ்வரங்களை இறைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் 'பூகி-வூகி'. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய வாசிப்பு முறை. ரயிலோசையிலிருந்தே அது பிறந்தது என்று சொல்வோரும் உண்டு.

இதில் சூரப்புலியாக இருந்தவன் ஒரு பொடியன்! டெட்ராய்ட் நகரில் 1938-ல் பிறந்த பிராங்க் ராபின்சன். 'சுகர் சைல்' என்று செல்லப் பெயர். 'சர்க்கரைக் குட்டி' என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிஞ்சு விரல்களுக்கு எட்டாத கட்டைகளை முஷ்டியாலும் முழங்கையாலும் தட்டுவான். 1946-ல், ஏழே வயதில், ஜனாதிபதி ட்ரூமன் முன்னிலையில் வாசித்தான். அதே ஆண்டில் சினிமா. பிறகு இசைத் தட்டுகள். 1951-ல் இங்கிலாந்துப் பயணம். பணமும் பெயரும் கொட்டுகிற அந்த நேரத்தில், 1952 வாக்கில், பையன் மேடையை விட்டு இறங்கிவிட்டான். படிக்க வேண்டுமாம்!

எத்தனை தகப்பனார்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்? பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்த மறு மாதமே டெலிவிஷன் போட்டியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் நம்மில் இல்லையா? ராபின்சன் பட்டம் பெற்றார். வேறு வேலைகள் பார்த்தார். அறுபதைக் கடந்த பிறகுதான் மறுபடி சில மேடைகளில் வாசித்தார்.

நம் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரத்தின் கதை வேறு தினுசு. தகப்பனார் வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். இரண்டு வயதில் டிரம்ஸ், பிறகு பியானோ. 2019 மார்ச்சில், 13-வது வயதில், 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற அமெரிக்க டெலிவிஷன் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு! வண்டின் ரீங்காரத்தைப் பியானோவில் கொண்டுவரும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இசையை முதலில் நிமிஷத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தான், அடுத்து 325. நீதிபதிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வேகம் பிரமிக்க வைக்கும்; ஆனால் ஒரு தடவைதான். மறு தடவை ஜனங்கள் 400 கேட்பார்கள். பையனும் அதை உணர்ந்திருக்க வேண்டும். ராபின்சனைப் போல் மேடையைத் துறக்கவில்லை. ஆனால் உலகப் பரிசு வாங்கிய பிறகும், இளையராஜாவிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தான். 2024 டிசம்பரில், மோகன்லால் டைரக்ட் செய்த 'பரோஸ்' மலையாளப் படம் வெளிவந்தது. பாட்டுகளுக்கு இசையமைத்த லிடியனுக்கு அப்போது வயது 19.