செங்காந்தளின் செங்கோணம்

உரம் போட்டவர் இல்லை, தண்ணீர் விட்டவர் இல்லை. சரளையும் மணலுமான புதர்க்காட்டில் மழை இறங்கியதும் செங்காந்தள் தலைநீட்டிவிடுகிறது. கோடையில் அங்கே அப்படியொரு செடி இருந்த சுவடே தெரியாது. மண்ணுக்குள் கலப்பை மாதிரி கவைத்துக் கிடக்கும் கிழங்குதான் வறட்சியைக் கடத்துகிறது. கொடி பூத்துக் காய்த்து வாடுவதற்குள் பழைய கிழங்கு வற்றி, அடுத்த பருவத்துக்கான புதுக் கிழங்கு திரண்டிருக்கும்.

ஏறிப் படர இலைநுனியே போதும். அது நீண்டு சுருண்டு, பக்கத்துச் சுள்ளியைப் பற்றிக்கொள்ளும்.

பூவைக் குனிந்து பார்க்க வேண்டும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, விளிம்பு நெளிந்து நிற்கின்றன. பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவப்பேறுகிறது. நமது மாநில மலரின் அழகு நிறத்தில் இருப்பதாகத்தான் பலரும் சொல்வார்கள்; என்னைக் கேட்டால் சூல்தண்டில் இருக்கிறது. அது நேராக நீளாமல், அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் போகிறது. மகரந்தப்பைகளை விட்டு சூல்முடி விலகி நிற்பதால், சொந்த மகரந்தம் தன்மேலேயே விழும் வாய்ப்பு குறைவு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து உரசிப்போனால்தான் காரியம் நடக்கும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. காலையில் ஆள்விட்டு, பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

இத்தனை பாடும் விதையிலுள்ள கோல்ச்சிசினுக்காக. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உண்டு. கோல்ச்சிசின் அந்த இழைகளைக் கட்டவிடாது. இழுக்க ஆளில்லாமல் இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் இந்த உத்தி தெரியவந்த பிறகு பயிர் வளர்ப்பாளர்கள் அதை விடவில்லை; விதையில்லாத் தர்ப்பூசணி அப்படி வந்ததுதான். மூட்டை வீங்கவைக்கும் கௌட் நோய்க்கும் மிகச் சிறிய அளவில் இதே பொருள்தான் மருந்து.

அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகப் பழுதாகும். செடி முழுக்க நஞ்சு என்றாலும் ஆபத்து அதிகம் கிழங்கில்தான். வள்ளிக்கிழங்கு என்று நம்பிச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. வேலியில் இந்தக் கொடி இருந்தால் ஆசைதீரப் பாருங்கள். கைமருந்தென்று கிழங்கைத் தோண்டாதீர்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.