பந்தின் மேல் புள்ளி வைக்க முடியுமா?

மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தல விருட்சமே கடம்பமரந்தான். அந்தக் கடம்பின் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னப் பந்து போல் உருண்டையாக இருக்கும். உண்மையில் அது ஒரு பூவல்ல; எத்தனையோ சிறு பூக்கள் உருண்டையைச் சுற்றி நெருங்கி நிற்கும் கூட்டம். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. நடுவே சொட்டை விழுவதுமில்லை.

"இதென்ன பிரமாதம்? நாங்கள் தினமும் வாசலில் புள்ளி வைக்கவில்லையா?" என்பீர்கள். வாசல் சமதரை, அம்மணி! ஊடுபுள்ளி வைத்தால் நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளிகள் அமைந்துவிடும். தெருக்கோடி வரை வைத்துக்கொண்டே போகலாம். பந்தின் மேல் அந்த ஜம்பம் பலிக்காது! சில புள்ளிகளுக்கு ஆறு அண்டைவீட்டார் கிடைக்கமாட்டார்கள், ஐந்து பேர்தான். எல்லாப் புள்ளிகளுக்கும் ஐந்தோ ஆறோ அண்டைவீட்டார் என்று வைத்தால், ஐந்துக்காரர்கள் சரியாக 12 பேர் இருந்தே தீரவேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்த கால்பந்து வீட்டில் இருந்தால், அதிலுள்ள கறுப்பு ஐங்கோணங்களை எண்ணிப் பாருங்கள். அதே 12!

இன்னும் சுலபமாகப் பார்க்கலாம். உருண்டையான ஓர் எலுமிச்சம்பழமும் கொஞ்சம் கிராம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை ஒன்றே: கிராம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கவேண்டும்.

இரண்டு கிராம்பென்றால் எதிரும் புதிருமாகக் குத்தலாம். ஆறென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடுப்பைச் சுற்றி நாலு. ஐந்துதான் இருந்தால்? கூடுதலாக இடம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடையாது! ஐந்து பேருக்கு எவ்வளவு இடைவெளியோ, ஆறாவது விருந்தாளி வந்த பிறகும் அவ்வளவே.

இப்போது எட்டு. மேலே நாலு, அவற்றுக்கு நேர்கீழே நாலு என்று பெட்டியின் எட்டு மூலைகளைப் போலக் குத்தியிருப்பீர்கள். அழகுதான்; ஆனால் அது சிறந்த வழியல்ல. மேல் நாலையும் அரைக்கால் சுற்றுத் திருப்பி, கீழ் நாலின் இடைவெளிகளுக்கு நேராக நிறுத்துங்கள். பிறகு இரு வரிசைகளையும் இடுப்பை நோக்கிச் சற்று நகர்த்தலாம். பழத்தின் மையத்திலிருந்து பார்த்தால், அண்டைக் கிராம்புகளுக்கு நடுவே 70½ டிகிரியாக இருந்த இடைவெளி ஏறக்குறைய 75 டிகிரி ஆகிவிடும்!

ஹாலந்து தேசத்துத் தாவர விஞ்ஞானி டம்மெஸ், மகரந்தத் தூளிலுள்ள நுண்துளைகளை ஆராயும்போது 1930-ல் எழுப்பிய புதிர் இது. விளையாட்டுப் போலத் தோன்றினாலும் கணித மேதைகளைத் திணற அடித்துவிட்டது. 14 புள்ளிகளுக்கு எது சிறந்த அமைப்பு என்பதை மூஸின், தாரசோவ் என்ற இருவர் கம்ப்யூட்டரின் துணையோடு நிரூபித்து வெளியிட்டது 2015-ல்தான்!

எட்டுப் பேரும் நேருக்கு நேர் விறைப்பாக நின்றால் நெருக்கடி. நாலு பேர் கொஞ்சம் திரும்பிக்கொடுத்தால் எல்லோருக்குமே இடம் கூடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டுமா, என்ன?