கண்ணாடி மாட்டி ட்ரோன் ஓட்டும் முன்

கார்பன் ஃபைபர் சட்டம், நான்கு மோட்டார், மூக்கில் விரல்நுனி அளவுக்கு ஒரு கேமரா. பேட்டரியோடு நிறுத்தால் 600, 700 கிராம். கேமரா பிடிக்கும் காட்சி 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் வந்து, ஓட்டுபவர் மாட்டியிருக்கும் கண்ணாடிக்குள் ஓடும். இளைஞர்கள் எஃப்பிவி ட்ரோன் என்பது இதைத்தான். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. எனவே பாகங்களை வாங்கி வீட்டிலேயே சால்டர் வைத்துச் செய்யலாம்.

செய்வது குற்றமல்ல. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ பறக்கும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை, வணிக நோக்கமில்லாமல் ஓட்டினால் பைலட் சான்றிதழும் வேண்டாம். பதிவு எண் வாங்கியாக வேண்டும். கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் சலுகை போய்விடும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காக, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில், தன் வளாகத்துக்குள் பறக்கவிட்டால் பதிவு எண்கூடத் தேவையில்லை. விருத்தாசலம் செராமிக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்பவர்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பயன்படுத்த வேண்டிய வழி இது.

சிக்கல் கண்ணாடியில்தான். ட்ரோன் நேரடிப் பார்வைக்குள் இருக்கும்வரைதான் அது மாதிரி விமானம். கண்ணாடி மாட்டியவருக்கோ கேமரா காட்டுவது மட்டுமே தெரியும். பக்கவாட்டில் இருக்கும் கம்பியும் தெரியாது, ஓடிவரும் குழந்தையும் தெரியாது. 2015இல் இங்கிலாந்தில் குடும்ப நண்பர் ஓட்டிய ட்ரோனின் இறக்கை வெட்டி, ஒன்றரை வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு கண் போனது. அமெரிக்காவில் இப்படிக் கண்ணாடி மாட்டி ஓட்டினால், பக்கத்தில் நின்று ட்ரோனையே கவனிக்க இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரிலும் அப்படி ஓர் ஆள் இல்லாமல் கிளப்பவே கூடாது.

எங்கே பறக்கவிடுகிறோம் என்பதும் முக்கியம். விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம்: ஜங்ஷன் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரையில் கூட்டம் நெரியும். இரண்டுமே ட்ரோனுக்கு ஆகாத இடங்கள். கிழக்கே நெய்வேலியில் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. அதனால் எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தாலும் உயரம் 400 அடிதான். சிவப்பென்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, எடுத்துவைக்கும்போது 3.8 போதும். உப்பிய பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடுவது தீயை அழைப்பது. படுக்கையறையில் வேண்டாம்; தீச்செங்கல் அல்லது பீங்கான் தட்டின் மேல், ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றலாம்.

மாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்கும் அந்தரங்க உரிமை உண்டு. ட்ரோன் மேலே வட்டமடித்தால் கல்லெறிய வேண்டாம், ட்ரோன் யார் தலையிலாவது விழும். நேரத்தைக் குறித்து, செல்போனில் படம் பிடித்து, 112-ஐ அழைக்கலாம். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. படம் இணையத்தில் பரவினால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம்.

விதி மீறியதற்கு ட்ரோன் விதிகளில் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும். ஆனால் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே அதை விதிக்க முடியும். போலீஸ் ட்ரோனைக் கைப்பற்றினால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாகங்களின் ரசீதும் பதிவு எண்ணும் கையில் இருந்தால், நீதிமன்றத்தில் மனு கொடுத்துத் திரும்பக் கேட்கலாம்.