அச்சில் ஏறிய நம் கதை



ஆயர் ஈத்தாம் சந்தியில் வாங்கிய பத்திரிகை லயத்துக்கு வந்தால், அதை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. ஒருவர் வாசிக்க, நாலு வீட்டார் கேட்பார்கள். அப்படி வாசிக்கும்போதுதான் நம் பள்ளி மாணவன் ஒருவனுடைய தாயாரைப் பற்றிய செய்தி நம் காதில் விழுந்தது. பையனுக்குக் காய்ச்சல், அதனால் ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று அந்த அம்மா நிருபரிடம் சொல்லியிருந்தார். அச்சில் வந்ததோ, 'பிள்ளையின் படிப்பில் அக்கறையற்ற பெற்றோர்' என்று. பக்கத்தில் அவருடைய படம் வேறு. பல நாள் அந்த அம்மா கடைத்தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

இது சிறிய செய்தி. உயிரோடு நற்பெயரையும் சேர்த்து இழந்த தோட்டத்து மக்கள் நம் நாட்டிலேயே உண்டு.

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றுக்குள் 'ஸ்காட்ஸ் கார்ட்ஸ்' என்னும் பிரிட்டிஷ் படையினர் நுழைந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். நம்மைப் போல் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். ஆண்களை ஒரு புறமும், பெண்களையும் பிள்ளைகளையும் மறு புறமும் பிரித்து வைத்தார்கள். அன்று மாலையே ஒருவர் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிவிட்டு, மேலும் 23 ஆண்களைச் சுட்டார்கள். ஆக மொத்தம் 24 பேர். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டது.

செய்தி எப்படி வெளியாயிற்று? கொள்ளைக்காரர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள் என்று வெளியாயிற்று. தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்பது அரசாங்கம் தந்த விளக்கம். லண்டன் நாடாளுமன்றம் வரை போனதும் அந்த விளக்கம்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சம்பவத்தைக் கண்ணால் கண்ட நிருபர் எவரும் இல்லை. பட்டாளத்திடமும் அதிகாரிகளிடமும் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை தயாராக இருந்தது. லாரியில் அழுதுகொண்டு போன பெண்களிடம் அப்படி எதுவும் இல்லை. அச்சுக்கூடத்துக்கு முதலில் போய்ச் சேருகிற கதையே உண்மை என்று நின்றுவிடுகிறது. பின்னால் வருகிற கதை, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், 'மறுப்பு' என்ற பெயரோடுதான் வரவேண்டியிருக்கிறது.

அந்தக் கதையைக் குலைத்ததும் ஒரு பத்திரிகைதான். 1970-இல் 'தி பீப்பிள்' என்ற ஆங்கிலப் பத்திரிகை, அந்தப் படையில் இருந்த சிப்பாய்கள் சிலர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்களை வெளியிட்டது. எவரும் தப்பியோடவில்லை என்பது அவற்றின் சாரம். போலீஸ் விசாரணை தொடங்கியது. ஆனால் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. குடும்பத்தார் சோர்ந்துவிடவில்லை, பிரிட்டிஷ் நீதிமன்றங்களின் படியேறினார்கள். 2015 நவம்பர் 25-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பகிரங்க விசாரணை நடத்தும்படி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் ஒருவர் மட்டும் அதை ஏற்கவில்லை. அதற்குள் ஏறக்குறைய 67 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த அம்மாவின் காரியத்துக்கு வருவோம். நிருபர் வந்தால் அவர் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். எழுதியதை நமக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லலாம். படம் வேண்டாம் என்றும் சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. தப்பாக வந்துவிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தப்பு, எது சரி என்று மட்டும் எழுதினால் போதும். கோபத்தைக் கடிதத்தில் கொட்டினால் தப்பான வரி அதற்குள் மறைந்துபோகும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அவதூறு வழக்குக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் செலவு நம் சம்பளத்துக்கு எட்டுமா? மலேசிய ஊடக மன்றத்துக்கான சட்டம் 2025-இல் நிறைவேறியிருக்கிறது. ஊடகங்களைப் பற்றிய முறையீடுகளை அந்த மன்றத்திடம் கொண்டுபோக வழி உண்டு.

அந்த அம்மா சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். மூன்று வாரம் கழித்து, உள்பக்கத்து மூலையில் நாலு வரித் திருத்தம் வந்தது. படம் இல்லை. லயத்தில் அதை இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கத்தரித்து, பையனின் பிறப்புப் பத்திரத்தோடு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார்.