குறைமாதக் குழந்தையும் ஆஸ்பத்திரி விளக்கும்

"பச்சைப் புள்ளையைக் கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்துல போட்டு வச்சிருக்காங்களே! கண்ணு போயிடாதா?"

எங்கள் ராஜகுளத்தில் யார் வீட்டிலாவது குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து வந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இந்தப் பயத்திலேயே, "வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடலாம்" என்று பெரியவர்கள் கிளம்பிவிடுவதும் உண்டு. சகோதரிகளே, அந்த விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வோமா?

நீல விளக்கு எதற்கு?

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் சேரும். அதை வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் முழுதாக வந்திருக்காது. மஞ்சள் அளவுக்கு மீறி ஏறினால் மூளையைத் தாக்கும். காது கேட்காமல் போகலாம், கை கால் விளங்காமல் போகலாம். நீல வெளிச்சம் தோலின் மேல் பட்டால், அந்த மஞ்சள் பொருள் தண்ணீரில் கரையும் விதமாக மாறி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர் ஒரு நர்ஸ் என்றால் ஆச்சரியமாக இருக்கும். 1956-ல் இங்கிலாந்தில், ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பாராம். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் மஞ்சள் குறைந்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை டாக்டர்களுக்குக் காட்டினார். 1958-ல் டாக்டர் கிரீமரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளிச்சத்தால் மஞ்சள் குறைவதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள்.

"அப்போ நம்ம வாசல்ல இளம் வெயில்ல காட்டினாலே போதுமே?" என்று கேட்பீர்கள். போதாது. வெயிலுக்கு அளவு கிடையாது. தோலைச் சுடும் கதிர்களும் அதில் உண்டு. துணியை அவிழ்த்தால் குறைமாதக் குழந்தையின் உடம்பு சட்டென்று சில்லிட்டுப் போகும். ஆஸ்பத்திரி விளக்கிலோ நிறம், தூரம், நேரம் எல்லாமே கணக்குப்படி. மஞ்சள் எவ்வளவு இறங்கியது என்பதையும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

கண்ணைக் கட்டுவது, அந்தப் பளீரென்ற வெளிச்சம் நேராகக் கண்ணில் விழாமல் இருப்பதற்காக. பால் கொடுக்க எடுக்கும்போது கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாயும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்ள அதுதான் நேரம்.

வார்டு வெளிச்சம்

வயிற்றுக்குள் இருட்டிலேயே இருக்க வேண்டிய குழந்தை அது. இமைத் தோல் மெல்லியது. ரொம்பவும் முன்னால் பிறந்திருந்தால் வெளிச்சத்துக்குக் கண்மணி சரியாகச் சுருங்காது. அதனால்தான் பல இடங்களில் கண்ணாடிப் பெட்டியின் மேல் துணி போட்டு மூடுகிறார்கள். பகலில் மிதமான வெளிச்சமும் இரவில் மங்கலுமாக வைத்தால், தூக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் நல்லது என்று பல டாக்டர்கள் கருதுகிறார்கள். ஆனால் நாமாகத் துணியை இழுத்து மூடக்கூடாது. குழந்தையின் நிறமும் மூச்சும் நர்ஸ் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணுக்கு ஆபத்து எங்கே?

குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதும் வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துவிட்டால் பார்வையே போய்விடும். இதை 1942-ல் அமெரிக்காவில் டாக்டர் டெர்ரி முதலில் எடுத்துச் சொன்னார். அளவுக்கு மீறிய ஆக்ஸிஜன் ஒரு முக்கிய காரணம் என்பது பின்னால் தெரிந்தது. வெளிச்சமும் காரணமோ என்று வெகுகாலம் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி போட்டும், மற்றவர்களுக்குப் போடாமலும் பார்த்ததில், நோய் வருவதில் வித்தியாசம் இல்லை என்று 1998-ல் முடிவு வந்தது. ஆகவே விளக்கும் இதற்குக் காரணமில்லை. கண்ணை மூடி வைப்பதும் இதைத் தடுக்காது. காலத்தில் கண்ணைப் பரிசோதிப்பதுதான் வழி.

என் தங்கை மகளுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1 கிலோ 400 கிராம். நீல விளக்கைப் பார்த்துவிட்டு மாமியார் ஆர்ப்பாட்டம் செய்தார். அங்கிருந்த நர்ஸம்மா பொறுமையாக, "ஆயா, இந்த லைட்டு மஞ்சளுக்கு. இதுக்கு பயப்படாதீங்க. டாக்டர் கண்ணு பார்க்கச் சொல்ற தேதியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

நாலாம் வாரத்தில் பார்த்தபோது, "குழாய் இன்னும் வளரணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள். அதற்குள் வீட்டில் அறுவடை. "புள்ள நல்லாத்தானே முழிச்சுப் பார்க்குது, மறுபடி எதுக்கு அலையணும்?" என்றார் மாமியார். என் தங்கை கேட்கவில்லை. பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். அன்றைக்குத்தான் கோளாறு தெரிந்தது. இரண்டு நாளுக்குள் சென்னையில் லேசர் சிகிச்சை செய்தார்கள். இப்போது குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டினால் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. வெளியே பார்த்தால் அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரிந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம்தான்.

நினைவில் வைக்க:

* 34 வாரத்துக்குள் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை அவசியம். 28 வாரத்துக்குள் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

* டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

* முதல் தடவை "நல்லா இருக்கு" என்றாலும், "இனி வர வேண்டாம்" என்று டாக்டர் சொல்லும் வரை போக வேண்டும்.

* வீட்டுக்கு வந்த பின் பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவில் பால் கொடுக்க சின்ன பல்பு போதும்.

உங்கள் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்தால், பார்க்கப் போகும்போது மறக்காமல் கேளுங்கள்: "கண்ணு பார்க்க என்னிக்கு வரச் சொன்னாங்க?"