எங்களுக்கு எட்டாது மக்களே!

டிசம்பர் பிறந்தாச்சுன்னா குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட ஏதாவது ஒரு கேரல் பாட்டை முணுமுணுப்பார். அதே பாட்டை சர்ச்சில் எல்லோரையும் சேர்ந்து பாடச் சொல்லிப் பாருங்கள்... பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பக்திக் குறைவு இல்லை சார், சுருதிப் பிரச்னை!

'சைலன்ட் நைட்'டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸட்ஜத்தில் முடிகிற மெட்டு, அதற்கு முன்னால் மேல் ஸ்தாயி மத்திமம் வரை ஏறிவிட்டு வருகிறது. ஒன்றரை ஸ்தாயிக்குக் கொஞ்சம்தான் குறைவு! இதைத் தமிழில் ஆராதனைக்கு ஏற்றபடி அமைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பகலில் ஆபீஸ் ஃபைல், ராத்திரி கீபோர்டு.

ஒத்திகை கேட்க வந்த ஒரு அம்மச்சி சொன்னார்: "பாட்டு கொள்ளாம் மக்களே. ஆனா எங்களுக்கு எட்டாது. நீங்க பாடுங்க, நாங்க கேக்கோம்."

அங்கேதான் விஷயம்! சபை 'கேட்க' உட்கார்ந்துவிட்டால் அது ஆராதனை இல்லை, கச்சேரி.

முதல் வைத்தியம், சுருதி. புத்தகத்தில் சி மேஜரில் இருந்ததை பி ஃபிளாட்டுக்கு இறக்கினேன். கறுப்பு, வெள்ளை சேர்த்து இரண்டே கட்டை. இன்னும் இறக்கினால் கடைசி அடி பாதாளத்துக்குப் போய்விடும்!

அடுத்தது, வார்த்தை. இந்த மெட்டில் முதல் ஸ்வரமே நீளம். அங்கே 'இரவு' என்று வைத்தால் 'ஈரவு' ஆகிவிடும். 'பாலன்' என்று நெடிலில் ஆரம்பித்தால் மெட்டும் தமிழும் சண்டை போடாது.

மூன்றாவது, பங்கு பிரிக்கிறது. மெட்டு சபைக்குத்தான். ஆல்ட்டோ, டெனர், பாஸ் எல்லாம் அதைத் தாங்குகிற தூண்கள். "தூணுக்கு ஒரு சோலோ கிடையாதாடே?" என்றார் எங்கள் பாஸ் குரல் பேங்க் கிளார்க்!

அடுத்த ஒத்திகையில் அம்மச்சியின் உதடு அசைந்தது.

"பழைய பாட்டில் கை வைக்கலாமா?" என்று சிலர் கேட்டார்கள். 1818 டிசம்பர் 24-ல், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில் இது முதலில் அரங்கேறியபோது இரண்டு குரல், ஒரு கிட்டார், அடி முடிவில் சேர்ந்துகொள்ள ஒரு குழு... அவ்வளவுதான். எழுதியவர் பாதிரியார் யோசப் மோர், மெட்டமைத்தவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். பிறகு பாடகர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனதில் மெட்டே கொஞ்சம் மாறிவிட்டது. நம் பக்கம் மட்டும் என்ன? 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் நாயகனையே குறவஞ்சிக்குள் கொண்டுவந்தவராச்சே!

கடைசிச் சரணத்தில் வாத்தியம் எதுவும் வேண்டாம், சபையின் குரல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். டிரம் பேட் வாசிக்கிற பையனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அப்ப நான் என்னண்ணே செய்ய?"

"நீயும் பாடுடே!"